தட்டைத் தந்தியும் பெயரறியா விரலும்

தந்தி என்னும் சொல் நம் மொழியில் இருவேறு பணிகளைச் செய்து வந்துள்ளது. வீணையில் முறுக்கிக் கட்டிய கம்பியும் தந்தி; நள்ளிரவில் கதவைத் தட்டி வீட்டாரைக் கலங்கவைத்த அவசரச் செய்தியும் தந்தி. பின்னது 2013 ஜூலையோடு நம் நாட்டில் முடிவுக்கு வந்தது. முன்னதற்கு இன்னும் பழைய பெயர் ஒன்றுண்டு: நரம்பு. யாழில் கட்டிய கம்பியை நரம்பு என்றனர் பழந்தமிழர். அதிலிருந்து பிறக்கும் சுரத்தையும் நரம்பு என்றே வழங்கினர். பொருளுக்கும் ஒலிக்கும் ஒரே பெயர். இசை வரலாறு எழுதப் புகுவோர் இந்தப் பெயரீட்டிலிருந்து கற்கவேண்டியது ஒன்றுண்டு என்று நாம் கருதுகிறோம். பாடியவர் யார், இசையமைத்தவர் யார், இசைத்தட்டு எந்த ஆண்டில் வந்தது என்றெல்லாம் குறித்து வைக்கிறோம். அந்த ஒலி எத்தகைய கம்பியில் பிறந்தது என்று குறிப்பவர் அரிது.

அவ்வாறு குறிக்கப்படாமல் போன ஒரு கம்பியின் வரலாறு இது. மின் பேஸ் கிடாரில் கட்டப்படும் தட்டைச்சுற்றுத் தந்தி என்பது அதன் பெயர். இசைக்கருவிக் கடைகளில் ‘ஃப்ளாட்வவுண்ட்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். எதற்காக ஒருவர் இதைத் தேர்ந்தெடுக்கிறார், எதற்காக விலக்குகிறார் என்பது மேலோட்டமாகப் பார்த்தால் வாசிப்பவரின் தனிப்பட்ட விருப்பம். சற்று உள்ளே சென்றால், ஒரு மாபெரும் கலைஞனின் வாழ்வும் வீழ்ச்சியும் அந்தத் தேர்வுக்குள் சுருண்டு கிடப்பதைக் காணலாம்.

*

முதலில் கம்பியைப் பார்ப்போம்.

ஒரு தந்தியின் சுருதி மூன்று காரணங்களால் அமைகிறது: நீளம், இழுவிசை, எடை. சுருதி தாழவேண்டுமானால் தந்தி நீளவேண்டும், அல்லது தளரவேண்டும், அல்லது கனக்கவேண்டும். பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. மிக நீளமாக்கினால் கை எட்டாது. மிகத் தளர்த்தினால் தந்தி தொய்ந்து மெட்டுகளில் அடிக்கும். எஞ்சுவது கனமாக்கும் வழி. ஆனால் ஒரே கம்பியைத் தடித்ததாக்கினால் அது தந்தியாக இராது, இரும்புக் கழியாகிவிடும். வளைய மறுக்கும், அதன் மேற்சுரங்கள் பிசகி ஒலிக்கும். இதற்குக் கண்ட தீர்வுதான் சுற்று. நடுவே மெல்லிய கம்பி ஒன்று. அதன்மேல் நெருக்கமாகச் சுற்றப்படும் வேறொரு கம்பி. நடுக்கம்பி இழுவிசையைத் தாங்கும்; சுற்றுக்கம்பி எடையைக் கூட்டும்; தந்தியின் நெகிழ்வு கெடாது.

இத்தீர்வு மின்சாரத்தினும் மிக முந்தியது. 1664-இல் லண்டனில் ஜான் பிளேஃபோர்ட் வெளியிட்ட இசைநூல் ஒன்று, குடல் நரம்பின் மீதோ பட்டின் மீதோ மெல்லிய கம்பி சுற்றிய தந்திகளை அண்மைக் கண்டுபிடிப்பு என்று அறிமுகம் செய்கிறது. அதற்குமுன் மேற்கத்திய வில்லிசைக் கருவிகளில் கட்டியவை பெரும்பாலும் வெறும் குடல் நரம்புகள். இத்தாலியின் அப்ரூட்சோ மலைப்பகுதியில் சாலே என்றொரு சிற்றூர் உண்டு. ஆட்டுக்குடலைக் கழுவி, உரித்து, முறுக்கி, உலர்த்தித் தந்தியாக்கும் தொழில் அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்தது. இன்று உலகெங்கும் விற்பனையாகும் டடாரியோ, லா பெல்லா என்ற இரு பெரும் அமெரிக்கத் தந்தி நிறுவனங்களின் மூதாதையரும் இவ்வூர்த் தொழிலாளரே. கடல் கடந்து நியூயார்க் சேர்ந்தவர்கள் குடலிலிருந்து எஃகுக்கு மாறினர். முறுக்கும் கை மாறவில்லை.

மேலே சுற்றும் கம்பி எந்த வடிவினது என்பதில்தான் நம் கதை தொடங்குகிறது. உருண்டைக் கம்பியைச் சுற்றினால் தந்தியின் மேற்பரப்பு திருகாணியைப்போல் வரிவரியாக இருக்கும். இதுவே உருண்டைச்சுற்று; கடைமொழியில் ‘ரவுண்ட்வவுண்ட்’. நாடாவைப்போல் தட்டையாக்கிய கம்பியைச் சுற்றினால் தந்தி வழவழப்பாக, ஏறக்குறைய ஒற்றைக் கம்பிபோலவே தோன்றும். இது தட்டைச்சுற்று. உருண்டையாகச் சுற்றிய பின் மேற்புறத்தை மட்டும் அரைத்தெடுக்கும் நடுவகை ஒன்றும், வெளியே நைலான் நாடா சுற்றும் இன்னொரு வகையும் உண்டு. அவை கிளைகள், அடிமரம் இவ்விரண்டே.

காதுக்கு என்ன வேறுபாடு? உருண்டைச்சுற்று மேற்சுரங்களை நிறையத் தாங்கி வருவது. தட்டியதும் ஒளிரும், பியானோவின் தாழ்சுரங்களைப்போல நெடுநேரம் நின்று தணியும். விரல் சறுக்கும்போது ‘க்ரீச்’ என்று கீச்சிடும். தட்டைச்சுற்றில் மேற்சுரங்கள் விரைந்து அடங்கும். அடிச்சுரம் முன்வந்து, உருண்டு, சட்டென்று முடியும். மரக்கதவில் உள்ளங்கையால் தட்டியதுபோன்ற ஒரு கனம். விரல் சறுக்குவது கேட்காது. ஒன்றை வெளிச்சம் என்றால் மற்றதை நிழல் எனலாம். நிழலில் விவரங்கள் மங்கும், குளிர்ச்சி கூடும்.

*

1951-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் என்பவர் ‘ப்ரிசிஷன் பேஸ்’ என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர்; கிடார் வாசிக்கத் தெரியாதவர். அதுவரை இசைக்குழுக்களில் தாழ்சுரப் பொறுப்பு டபுள் பேஸுக்குரியது. ஆளுயரத்தை மிஞ்சும் மரப்பெட்டி அது. காரின் கூரையில் கட்டி எடுத்துச் செல்லவேண்டும். எக்காளங்களும் பறைகளும் முழங்கும் மேடையில் அதன் குரல் எடுபடாது. மெட்டுகள் இல்லாததால் சுருதி பிசகாமல் வாசிக்க நெடும்பயிற்சி வேண்டும். ஃபெண்டரின் கருவியில் மெட்டுகள் இருந்தன. ‘துல்லியம்’ என்று பொருள்படும் அதன் பெயருக்கு அதுவே காரணம். தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், ஏறத்தாழ 86 சென்டிமீட்டர். தோளில் மாட்டிக்கொள்ளலாம். சியாட்டிலைச் சேர்ந்த பால் டட்மார்க் 1930களின் நடுவிலேயே இவ்வாறான கருவி ஒன்றைச் செய்திருந்தார் எனினும், உலகம் பற்றிக்கொண்டது ஃபெண்டருடையதைத்தான். நெடுங்காலம் பேஸ் கிடார் எதையும் ‘ஃபெண்டர் பேஸ்’ என்றே இசைக்கலைஞர்கள் அழைத்தனர்.

1950களிலும் 60களின் முற்பாதியிலும் இக்கருவிக்குக் கிடைத்தவை பெரும்பாலும் தட்டைச்சுற்றுத் தந்திகளே. காரணம் எளிது. புதிய கருவி பழைய கருவியின் இடத்தைப் பிடிக்க வந்தது. ஆகவே பழைய கருவியின் குரலில் பேசுவதே அதற்கு மரியாதை. டபுள் பேஸின் மந்தமான, குறுகிய, உருண்ட ஒலிக்கு மிக அணுக்கமானது தட்டைச்சுற்று. ஃபெண்டர் தொழிற்சாலை ஒருபடி மேலே சென்றது. தந்திகள் வந்து முடியும் பிரிட்ஜின் மேல் (நம் வீணையில் இதைக் குதிரை என்பர்) ஓர் உலோக மூடி பொருத்தி, அதன் உட்புறத்தில் பஞ்சுத்துண்டு ஒன்றையும் ஒட்டி அனுப்பியது. அப்பஞ்சு தந்திகளை மெல்ல அழுத்தி, நீளும் ஒலியை வெட்டிவிடும். மின்கருவியாய்ப் பிறந்தது, மின்கருவி என்று காட்டிக்கொள்ளத் தயங்கிய காலம் அது.

ஒன்றை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அன்று தட்டைச்சுற்றுத் தந்தியை யாரும் ‘தேர்ந்தெடுக்க’வில்லை. வேறு வழி இல்லாதபோது அது தேர்வாகாது. சந்தையில் இருந்ததைக் கட்டினார்கள், வாசித்தார்கள். தேர்வு என்ற சொல் பின்னால்தான் வருகிறது. அதற்கு முன்பே, தேர்வில்லாத அந்தக் கம்பியிலிருந்து ஒரு பெருங்கலையை ஒருவர் எழுப்பிவிட்டார்.

*

ஜேம்ஸ் ஜேமர்சன் 1936 ஜனவரி 29-இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். 1954-இல் தாயோடு டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் தொழில்நகரங்களை நாடிச் சென்ற நீண்ட இடப்பெயர்வின் ஒரு துளி அக்குடும்பம். பள்ளியில் டபுள் பேஸ் கற்று, ஜாஸ் விடுதிகளில் வாசித்துத் தேர்ந்தார். 1959-இல் பெரி கோர்டி என்பவர் தம் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். மோடவுன் என்ற பெயரில் அது உலகப் புகழ் பெற்றது. மேற்கு கிராண்ட் புலவார்ட் சாலையில் 2648 என்ற எண்ணுள்ள சாதாரண வீடு அதன் ஒலிப்பதிவுக்கூடம். அங்கே நாட்கூலியைப்போல் வந்து வாசித்த கலைஞர் குழுவில் ஜேமர்சனும் ஒருவர். அக்குழு ஃபங்க் பிரதர்ஸ் எனப்பட்டது.

அவரிடமிருந்தது 1962-ஆம் ஆண்டின் ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸ். அதற்கு ‘ஃபங்க் மெஷின்’ என்று பெயரிட்டிருந்தார். கட்டியிருந்தவை லா பெல்லாவின் தட்டைச்சுற்றுத் தந்திகள். அவற்றிலும் மிகத் தடித்தவை. அங்குலக் கணக்கில் 0.052 முதல் 0.110 வரை. மெட்டுப் பலகையிலிருந்து தந்திகள் உயர்ந்து நிற்கும். பிறரால் அழுத்தி வாசிக்கவே இயலாது என்பர். அறுந்தாலொழிய அவர் தந்தியை மாற்றுவதில்லை. ஆண்டுக்கணக்கில் படிந்த வியர்வையும் அழுக்கும்தான் அந்த ஒலியின் இரகசியம் என்பது அவர் கொள்கை. பிரிட்ஜின் மூடிக்குள் பஞ்சு அப்படியே இருந்தது. வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டுவார். டபுள் பேஸிலிருந்து கொண்டுவந்த பழக்கம். அவ்விரலுக்குக் ‘கொக்கி’ என்று பெயர்.

இந்தக் கருவியின் நிலையை எழுதிப் பார்த்தால் குறைகளின் பட்டியல்போலவே இருக்கும். பழைய தந்தி, தடித்த தந்தி, உயர்ந்த தந்தி, பஞ்சால் அடைத்த தந்தி, ஒற்றை விரல். ஆனால் இதிலிருந்து பிறந்த இசையோ பேஸ் கிடார் வரலாற்றிலேயே மிகுந்த நடமாட்டமுள்ளது. அவருக்கு முன்னவர்களில் பலர் தாளத்துக்கு ஒரு சுரம், ராகத்தின் ஆதாரத்தில் ஒரு சுரம் என்று தூண்போல் நின்றவர்கள். ஜேமர்சன் தூணாகவும் நின்றார், கொடியாகவும் படர்ந்தார். தாளத்தின் இடுக்குகளில் புகுந்து, எதிர்பாராத சுரத்தில் தொட்டு, பாடுபவரின் மூச்சுக்கு இடைவெளி விட்டு, மீண்டும் முதலடியில் வந்து சேர்வார். நல்ல உரையாசிரியர் மூலத்தை மறைக்காமல் அதனூடே தம் கல்வி முழுவதையும் சொல்லிவிடுவதை இதற்கு ஒப்பிடலாம்.

நம் கட்டுரையின் மையக் கருத்து இங்கேதான் இருக்கிறது. இவ்வளவு சுரங்களை ஒருவர் பாட்டின் அடியில் அடுக்கியும் பாட்டு நெரிசலாகவில்லையே, ஏன்? அவருடைய மேதைமை முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. அதற்கு இடங்கொடுத்தது அந்தத் தந்தி. ஒவ்வொரு சுரமும் விரைந்து அடங்கிவிடுவதால் அடுத்ததற்கு இடம் கிடைக்கிறது. மேற்சுரங்கள் மங்கியிருப்பதால் பாடகியின் குரலோடும் எக்காளத்தோடும் அது மோதுவதில்லை. ராகத்துக்குப் புறம்பான ஒரு சுரத்தை அவர் தொட்டுச் செல்லும்போது அது குத்துவதில்லை, சாயலாகக் கடந்துவிடுகிறது. அதே வரிகளை ஒளிரும் உருண்டைச்சுற்றில் வாசித்துப் பார்ப்பவர்கள் இதைக் கேட்டுணரலாம்: சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, பாட்டின்மீது ஏறி அமர்ந்துகொள்ளும். மந்தமான கம்பி என்பது வாசிப்பவனைக் கட்டிப்போடும் என்றே நாம் எண்ணுவோம். ஜேமர்சனிடத்தில் அது அவரை அவிழ்த்துவிட்டது.

*

அந்த விரலுக்குரியவர் யார் என்று உலகம் நெடுங்காலம் அறியவில்லை. மோடவுன் இசைத்தட்டுகளில் பாடகர் பெயர் இருக்கும், பாட்டெழுதியவர் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயர் இராது. குறுந்தொகையில் சில புலவர்களின் இயற்பெயர் தொலைந்துபோக, அவர்தம் பாட்டிலிருந்த ஒரு தொடரையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்றெல்லாம் வழங்கினர் தொகுத்தோர். ஜேமர்சனுக்கு அந்த ஏற்பாடுகூட வாய்க்கவில்லை. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இளைஞர்கள் அவருடைய வரிகளை இசைத்தட்டிலிருந்து மீண்டும் மீண்டும் கேட்டு மனப்பாடம் செய்தனர், யாருடையது என்று அறியாமலேயே. 1971-இல் வெளிவந்த மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இசைத்தட்டின் உறையில்தான் ஃபங்க் பிரதர்ஸின் பெயர்கள் அச்சாயின. ஜேமர்சனின் பெயருக்கு முன்னே ‘ஒப்பற்ற’ என்று பொருள்படும் அடைமொழியும் சேர்ந்தது. அந்தப் பாட்டின் பதிவுக்கு அவரை ஒரு மதுவிடுதியில் தேடிப்பிடித்து அழைத்து வந்ததாகவும், நாற்காலியில் அமர முடியாத நிலையில் தரையில் மல்லாந்து கிடந்தபடியே வாசித்ததாகவும் சொல்லப்படுகிறது. அதை வியப்பாக எடுத்துரைப்பவர்கள் உண்டு. நமக்கு அதில் தெரிவது வரப்போகும் துயரத்தின் நிழல்.

*

இதற்கிடையே இங்கிலாந்தில் வேறொரு காது வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தது.

தி ஹூ என்ற ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில். கிடாரும் டிரம்ஸும் இடிமுழக்கம் செய்யும் குழு அது. அங்கே மந்தமான தாழ்சுரம் புழுதிபோல் அடங்கிவிடும். தன் குரலும் கேட்கவேண்டுமென்று அவர் விரும்பினார். 1965-இல் ‘மை ஜெனரேஷன்’ பாட்டுக்கான பேஸ் தனியாவர்த்தனத்துக்கு, மெல்லிய தந்திகளால் பளிச்சென்று ஒலித்த டேன்எலெக்ட்ரோ கிடாரை நாடினார். அதன் தந்தி அறுந்தபோது மாற்றுத் தந்தி இங்கிலாந்தில் தனியே கிடைக்கவில்லை; ஆகவே தந்திக்காக முழுக் கிடாரையே மீண்டும் மீண்டும் வாங்கியதாக அவரே பேட்டிகளில் கூறியுள்ளார்.

1966-இல் அவர் ரோட்டோசவுண்ட் என்ற ஆங்கிலேய நிறுவனத்தை அணுகினார். அதை நிறுவிய ஜேம்ஸ் ஹவ், ‘தி தேர்ட் மேன்’ திரைப்படத்தின் சிதார் இசையில் மயங்கி (நம் சிதாரன்று; மடியில் கிடத்தி வாசிக்கும் ஆஸ்திரியத் தந்திப்பெட்டி), அக்கருவிக்குத் தந்தி கிடைக்காமல் தாமே செய்யப் புகுந்தவர். என்ட்விசிலும் நிறுவனத்தாரும் சேர்ந்து பலமுறை சோதித்துப் பார்த்ததன் பயனாக உருண்டைச்சுற்றுப் பேஸ் தந்திகள் உருவாகி, ‘ஸ்விங் பேஸ் 66’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தன. தடித்த தந்தியும் இப்போது பியானோபோல் ஒலித்தது.

அதன் பின் நடந்தது விரைவான மாற்றம். யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்கொயர் இத்தந்திகளால் தாழ்சுரத்தை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் லாரி கிரஹாம் கட்டைவிரலால் அடித்தும் சுண்டியும் வாசிக்கும் முறையைப் பரப்பினார். அம்முறைக்குப் பளிச்சென்ற தந்தியே பொருந்தியது. 1976-இல் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்ட ஜாக்கோ பஸ்டோரியஸ், மெட்டுகள் இல்லாத பேஸில் உருண்டைச்சுற்றைக் கட்டினார். வரிவரியான தந்தி விரற்பலகையின் மரத்தை அரித்துவிடும் என்பதால் படகுகளுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பலகையில் பூசிக் கடினமாக்கினார். பேஸ் கலைஞன் மேடையின் பின்னிருந்து முன்னே வந்துவிட்டான். அந்த நியாயமான விடுதலையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு தேர்வு புதிதாய்ப் பிறக்கும்போது, பழையதையே தொடர்பவனும் அறியாமலே ஒரு தேர்வைச் செய்தவனாகிவிடுகிறான். முன்பு வெறும் தந்தியாக இருந்தது, 1966-க்குப் பின் ‘பழைய தந்தி’ ஆயிற்று.

*

1972-இல் மோடவுன் நிறுவனம் டெட்ராய்ட்டை விட்டு லாஸ் ஏஞ்சலிசுக்குக் குடிபெயர்ந்தது. ஜேமர்சனும் பின்தொடர்ந்தார். பழைய குழு சிதறிவிட்டது. அங்குள்ள ஒலிப்பதிவாளர்களுக்குப் புதிய ஒலி தேவைப்பட்டது: ஒளிரும் தந்தி, கட்டைவிரல் அடி, எளிய வரிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தல். அவர் மாற மறுத்தார். அதே கருவி, அதே தடித்த தட்டைத் தந்தி, அதே விரல். வாய்ப்புகள் குறைந்தன, குடிப்பழக்கம் வளர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் குறிப்பிடத்தக்க பணி எதுவும் அவருக்கு இல்லை. 1983 மார்ச்சில் மோடவுனின் 25-ஆம் ஆண்டு விழா பாசடீனா நகர அரங்கில் நடந்தபோது, அவர் கள்ளச்சந்தையில் நுழைவுச்சீட்டு வாங்கிப் பின்வரிசையில் அமர்ந்திருந்தார் என்பர். அவ்வாண்டு ஆகஸ்ட் 2-இல், 47-ஆம் வயதில் மறைந்தார். மறைவதற்குச் சற்று முன்பு ஃபங்க் மெஷின் களவுபோயிற்று. இன்றுவரை அது கிடைக்கவில்லை.

தந்தியை மாற்றியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? கேள்வி எளிது, விடை அவ்வளவு எளிதன்று. அவரை வீழ்த்தியவை நோயும் மதுவும், உழைப்பாளியின் பெயரை உறையில் அச்சிடாத தொழில்முறையும். தந்தி அவற்றுக்கு முன் சிறிது. எனினும், தம் ஒலி எது என்று அறிந்த ஒருவரிடம் அதைக் கைவிட்டால் வேலை தருகிறோம் என்று காலம் பேரம் பேசிய இடம் அந்தத் தந்திதான். நவீனத்தின் பெயரால் யாப்பைக் கைவிடச் சொன்னபோது மறுத்த மரபுக் கவிஞர்களை நாம் அறிவோம். அவர்களுட் சிலர் மாறத் தெரியாதவர்கள், சிலர் மாறவேண்டாதவர்கள். ஜேமர்சனிடம் இரண்டும் கலந்திருந்தன என்றே தோன்றுகிறது.

பெயர் பின்னர் வந்தது. 1989-இல் ஆலன் ஸ்லட்ஸ்கி அவரைப் பற்றி நூல் எழுதினார். அவருடைய பேஸ் வரிகளும் சுரக்குறிப்பாக அதில் இடம்பெற்றன. 2000-இல் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் அவர் சேர்க்கப்பட்டார். நூலின் தலைப்பிலேயே 2002-இல் ஆவணப்படம் வந்து, எஞ்சியிருந்த ஃபங்க் பிரதர்ஸை மேடையேற்றியது.

*

தட்டைத் தந்தி அவரோடு மறைந்துவிடவில்லை. மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனப் பாடல்களில் டக் டன் அதைக்கொண்டே வாசித்தார். அதன் கனம் ரெகே இசைக்குப் பொருந்திவர, ஜமைக்காவிலும் அது நிலைத்தது. அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் கடுமுழக்க இசையில் தட்டைச்சுற்றையே கட்டுகிறார். ஜேமர்சனுக்கு நேர்மாறாக, தந்தி மந்தமாகும் முன்பே புதிதாக மாற்றிவிடுவது அவர் வழக்கம். 2000-இல் வெளிவந்த டி’ஆஞ்சலோவின் ‘வூடூ’ இசைத்தட்டில் பினோ பல்லடினோ அந்தப் பழைய உருண்ட ஒலியை மீட்டெடுத்தபோது, ஒரு புதுத்தலைமுறை மீண்டும் இத்தந்தியைத் தேடிச் சென்றது.

இன்று தேர்ந்தெடுப்பவர் கவனிக்கத்தக்கவை சில. முதலாவது இழுவிசை. தட்டைச்சுற்று எல்லாம் ஒன்றல்ல. வியன்னாவில் 1919-இல் தொடங்கிய தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் நிறுவனத்தின் நிக்கல் தந்திகள் நெகிழ்வானவை. விரலுக்கு இதமாக, சற்றே பாடும் தன்மையோடு ஒலிப்பவை. ஜேமர்சன் கட்டிய வகை அதற்கு மறுமுனை. எஃகு நாடா சுற்றியது, கிடாரின் கழுத்தையே வளைக்கும் விறைப்புடையது. அதைக் கட்டினால் கழுத்துக்குள் ஓடும் முறுக்குக் கம்பியைச் சரிசெய்தாக வேண்டும். இரண்டாவது, நீளம். கருவி 34 அங்குலமா 30 அங்குலமா என்று பார்த்தே வாங்கவேண்டும். மிகுந்த நுனியை வெட்டும்போது முதலில் செங்குத்தாக மடித்து, மடிப்புக்கு அப்பால்தான் வெட்டவேண்டும். நேரே வெட்டினால் நாடா உள்ளே நெகிழ்ந்து தந்தி உயிரிழக்கும். மூன்றாவது, பொறுமை. கட்டிய அன்று தட்டைத் தந்தியிலும் கொஞ்சம் பளபளப்பு இருக்கும். வாரங்கள் செல்லச்செல்லத்தான் அது முதிரும். உருண்டைச்சுற்றின் வரிகளில் அழுக்கு சேர்ந்தால் ஒலி செத்துவிடுகிறது. வறிய கலைஞர்கள் அதை வெந்நீரில் கொதிக்கவைத்து உயிர்ப்பிப்பதுண்டு. வழவழப்பான தட்டைச்சுற்றோ பத்தாண்டுகள்கூட உழைக்கும். விலை கூடுதல், ஆனால் வாங்கும் தடவைகள் குறைவு.

நான்காவது, எல்லாவற்றினும் முக்கியமானது: குழுவில் தம் இடம் எது என்பதை வாசிப்பவர் அறிந்திருத்தல். தனித்து நின்று பேசவேண்டிய இடத்தில் இத்தந்தி கைகொடுக்காது. பிறர் குரலைத் தாங்கி, அதற்கடியில் இடைவிடாது சிந்தித்துக்கொண்டிருக்க விரும்புவோர்க்கு இதனினும் நல்ல துணை இல்லை.

ஜேமர்சன் கட்டிய அதே தடிமனில் அதே நிறுவனம் இன்றும் தந்தி செய்கிறது. அவர் பெயரைச் சொல்லியே அது விற்பனையாகிறது. மாற்றிக்கொள்ளச் சொல்லி மறுத்த தந்தி. வேலை தராமல் விட்டதற்கு ஒரு காரணமாயிருந்த தந்தி. வாங்கிச் செல்லும் இளைஞர்களில் பலர் சில வாரங்களில் அதைக் கழற்றிவிடுகிறார்கள், விரல் வலிக்கிறது என்று.